தஸ்நேவிசுக்கு வைத்த சோறு

"நீ தொடாதளா!"

பிளாரன்ஸ் போட்ட சத்தத்தில், முதல் தட்டை எடுக்கக் குனிந்த ஜெஸ்லினின் கை பாதியிலேயே நின்றது. கூடத்தில் வெற்றிலை, பூ, பழம், கற்கண்டு என்று தட்டுகள் வரிசையாக இருந்தன. பிளாரன்சின் மூத்த மகளுக்கு இன்று நிச்சயம். பெண்வீட்டுப் பொம்பளைகள் ஆளுக்கொரு தட்டை ஏந்திக்கொண்டு போய், தெருமுனையில் சிலுவை நிற்கும் குருசடியில் வந்து இறங்கும் மாப்பிள்ளை வீட்டாரை அழைத்து வர வேண்டும். தருவைகுளத்து வழக்கம் அது.

"முதத் தட்டு சித்திக்காரிதானக்கா எடுக்கணும்?"

"எடுக்கணும்தான். ஒனக்கே தெரிய வேண்டாமா? நல்ல காரியம் பாத்துக்க. அடுப்படியில மீனு கெடக்கு, போயி அதப் பாரு."

ஜெஸ்லின் அடுப்படிக்குப் போனாள். அங்கே மூலையில், பலகை மேல் ஒரு தட்டுச் சோறு ஆவி பறக்க இருந்தது. மேலே சீலா மீனின் நடுத்துண்டு. பக்கத்தில் செம்புத் தண்ணீர். அவள் புருஷன் தஸ்நேவிசுக்கு வைத்த சோறு.

தஸ்நேவிஸ் கடலுக்குப் போய் மூன்று மழைக்காலம் கழிந்துவிட்டது. காற்றில் கவிழ்ந்த வள்ளம் கரைக்கு வந்தது, ஆள் வரவில்லை. உடம்பு வராதவனைச் செத்தான் என்று சொல்லக்கூடாது, சொன்ன வாய்தான் அவனை மூழ்கடிக்கும் என்பது அந்த வீட்டுப் பேச்சு. அதனால் பூசை வைக்கவில்லை, கல்லறையும் கட்டவில்லை. ஆனால் ஞானஸ்நான வீட்டுக்கோ கல்யாண வீட்டுக்கோ ஜெஸ்லினை யாரும் முன்னால் நிற்கவிடுவதுமில்லை. கழுத்தில் தாலி கிடந்தது, தலையில் பூ கிடையாது.

தினமும் முதல் அகப்பைச் சோறு தஸ்நேவிசுக்கு. எல்லாரும் உண்டு முடித்தபின் ஆறிப்போன அந்தச் சோற்றை ஜெஸ்லின் தின்ன வேண்டும். புருஷன் மிச்சம் பெண்டாட்டிக்குத்தானே. முதல் வாயே உப்புக் கரிக்கும். ஈரத் தலையோடு யாரோ எதிரில் உட்கார்ந்து பார்ப்பது போலிருக்கும். சில நாள் தட்டைச் சுற்றித் தரை நனைந்திருக்கும். செம்பு ஒழுகுகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். செம்பு ஒழுகுவதில்லை.

தகப்பனை இழந்த பிள்ளைகளை வளர்க்க அரசாங்கம் மாதாமாதம் உதவிப் பணம் கொடுக்கிறது என்று பள்ளிக்கூட டீச்சர் சொல்லி, மகள் ரொவினாவுக்காக ஜெஸ்லின் மனுப் போட்டிருந்தாள். ரொவினா ஒன்பதாவது படித்தாள். "இதோட போதும். லீவு விட்டதும் எறால் கம்பெனிக்குப் போவட்டும்" என்று தஸ்நேவிசின் அண்ணனும் பிளாரன்சின் புருஷனுமான ஜெரால்டு முடிவு சொல்லிவிட்டார். பணம் வந்தால் பிள்ளை படிக்கும், வராவிட்டால் எறால் உரிக்கும்.

விசாரிக்க வேண்டிய வி.ஏ.ஓ. சரண்யாதேவி அந்த நேரம் பார்த்துத்தான் ஸ்கூட்டியை வாசலில் நிறுத்தினாள்.

"விசேஷ வீடா? தெரியாம வந்துட்டேன் அண்ணாச்சி. ஒரே கேள்விதான். ஒங்க தம்பி இருக்காரா, இல்லையா?"

ஜெரால்டு துண்டை உதறித் தோளில் போட்டார். "என்ன மேடம் கேள்வி இது? அவன் உசுரோட இருக்கான். சிலோன் பக்கம் எங்கனயாவது ஒதுங்கியிருப்பான், வருவான். அவனுக்குச் சோறு வச்சிட்டுத்தான் நாங்க வாயில வைக்கோம்."

"நீங்க இப்பிடிச் சொன்னா நான் எழுத முடியாது. புள்ளைக்குப் பணம் வராது."

"வராண்டாம். துட்டுக்காவ எந் தம்பியக் கொல்லச் சொல்லுதியளோ?"

தட்டு எடுக்க வந்த பெண்கள் "அதான!" என்றார்கள். ஒருத்தி கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டாள்.

அடுப்படி வாசலில் நின்று ஜெஸ்லின் எல்லாவற்றையும் கேட்டாள். மீன் கையைக் கழுவினாள். கூடத்துக்கு வந்து, பந்தாகச் சுருட்டி வைத்திருந்த மல்லிகையில் ஒரு துண்டு அறுத்துத் தலையில் வைத்தாள். குனிந்து முதல் தட்டை எடுத்தாள்.

"ஏளா, என்ன செய்த!"

"அத்தான் சொன்னது கேக்கலியாக்கா? அவுக உசுரோட இருக்காகளாம். புருசன் உசுரோட இருக்கவ தட்டு எடுத்தா என்ன?"

வாசலைத் தாண்டினாள். குருசடிப் பக்கம் மாப்பிள்ளை வீட்டு வேன் ஆரன் அடித்தது.

"அவளப் பிடிங்க!" ஜெரால்டு கத்தினார். "செத்தவன் பொண்டாட்டி தட்டோட முன்ன போனா எம் மவ வாழ்வாளா?"

தட்டு ஏந்த நின்ற பெண்கள் ஜெரால்டைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"இப்ப என்ன சொன்னீங்க அண்ணாச்சி?" சரண்யாதேவி மெல்லக் கேட்டாள்.

ஜெரால்டு வாயைப் பொத்திக்கொண்டார். அங்கே யாரோ இருந்து கேட்டுவிட்டது போல, அடுப்படியைத் திரும்பிப் பார்த்தார்.

ஜெஸ்லினுக்கு அந்த வார்த்தைதான் வேண்டியிருந்தது. காதில் விழுந்ததும், காலடி மணலை அலை உருவிக்கொண்டு போனது போலிருந்தது. தட்டு சாய்ந்து ஒரு எலுமிச்சம்பழம் உருண்டது.

"நான் சொல்லல மேடம். ஒரு நாளும் சொல்லல. கூடப் பொறந்தவரே சொல்லிட்டாரு, இத்தன பேரும் கேட்டிருக்காக. எழுதிக்கிடுங்க."

தட்டைப் பிளாரன்ஸ் கையில் கொடுத்தாள். "இந்தாங்கக்கா. பொண்ணு நல்லா இருக்கட்டும்." தலையில் வைத்த பூவை மட்டும் அவள் எடுக்கவில்லை.

அடுப்படிக்கு வந்து மகளைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். பலகை மேலிருந்த சோற்றை எடுத்து அவள் முன்னால் வைத்தாள்.

"அப்பாக்கு வச்சதும்மா..." பிள்ளை பயந்தாள்.

"அப்பா குடுத்ததுன்னு நெனச்சிக்க. சூடு ஆறுமுன்ன தின்னு."

ரொவினா மீனைப் பிட்டாள். தட்டு இருந்த இடத்தைச் சுற்றித் தரை நனைந்திருந்தது. ஜெஸ்லின் செம்பைத் தூக்கி அடியைத் தடவிப் பார்க்கவில்லை. முந்தானையை எடுத்து, ஒரு ஆளின் முகத்தைத் துடைப்பது போல அந்த ஈரத்தைத் துடைத்தாள்.