பாவம், சைக்கிள்ல போற மனுஷன்

வீட்டுக்குத் திரும்பும் கடைசித் திருப்பத்தில், மருந்துக் கடைக்கு முன்னால் சைக்கிளை நிறுத்தி, பல்செட்காரர் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். கொஞ்சம் நெற்றியிலும் கொஞ்சம் கழுத்திலும் தெளித்துக்கொண்டார். சட்டையின் முதுகை நனைப்பதுதான் கஷ்டம். கையைப் பின்னால் வளைத்து, பாட்டிலைக் கவிழ்த்து, குத்துமதிப்பாக ஊற்ற வேண்டும். பிறகு கடைக் கண்ணாடியில் முகத்தைப் பார்த்தார். சிரித்துக்கொண்டிருந்தது. கன்னங்கள் இரண்டும் மேலே ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்றன. பல் மருத்துவர்களுக்குச் செயற்கைப் பல்வரிசை செய்து கொடுப்பது அவருடைய தொழில். ஒரு சிரிப்பு முகத்தில் எங்கெங்கே பிடித்துக்கொண்டு நிற்கும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். ஒவ்வொரு இடமாகத் தளர்த்தினார். வாயோரம் தொங்கியது, கண் பாதி மூடியது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

"வந்துட்டீங்களா. பாவம்" என்று கதவைத் திறந்தாள் மனைவி.

இந்தப் பாவத்தில்தான் அவருடைய குடும்ப வாழ்க்கை சில மாதங்களாக நடந்துகொண்டிருந்தது. மின்விசிறி அவர் பக்கம் திரும்பும். கால் வைக்க வெந்நீர் வரும். குப்பையை யார் கொண்டுபோய்க் கொட்டுவது, கொடியில் கிடக்கும் துணியை யார் மடிப்பது என்ற பேச்சே எழாது. அவர் இதைத் திட்டம் போட்டுச் செய்யவில்லை. ஸ்கூட்டர் பழுதாகி, மனைவிக்கென்று வாங்கிப் பூட்டியே கிடந்த சைக்கிளை எடுத்த முதல் வாரம் உண்மையிலேயே முழங்கால் விட்டுப்போனது. அவள் பாவம் என்றாள். இரண்டாம் வாரம் வலி போய்விட்டது, பாவம் மட்டும் போகவில்லை. தானாக வந்து மடியில் உட்கார்ந்த ஒன்றை எழுப்பி அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை.

மெயின் ரோடு வழியாகத்தான் அவர் லாரிகளுக்கு நடுவில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போய் வருகிறார் என்று அவள் நினைத்திருந்தாள். அவர் அந்த ரோட்டில் சக்கரம் வைத்தே வெகு நாளாகிவிட்டது. தீயணைப்பு நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்து இருக்கிறது. அதில் நுழைந்தால் கால்வாய்க் கரை. இரண்டு பக்கமும் மரங்கள் மேலே கைகோத்துக்கொண்டிருக்கும், வெயில் சில்லறையாகத்தான் கீழே விழும். கரை முடிகிற இடத்தில் பெரிய பூங்கா, அதற்குள் ஓர் ஏரி, ஏரியைத் தாண்டினால் ரயில் நின்றுபோன பழைய தடத்தில் போட்ட நடைபாதை. மூச்சை இழுத்தால் அறுத்த புல்லின் வாசம். பூங்காவில் ஒருவர் தினமும் பின்பக்கமாகவே நடப்பார். அவருக்கு இவர் ரிவர்ஸ் என்று பெயர் வைத்திருந்தார். ரிவர்ஸின் முகத்தை நேராகப் பார்க்க முடிந்தால் அவர் தன்னைவிட்டு விலகிப் போகிறார் என்று அர்த்தம். இதைப் பழக ஒரு வாரம் ஆனது.

கால்வாய்க் கரைக்கு இறங்கும் இடத்தில் நல்ல சரிவு. அங்கே பல்செட்காரர் இரண்டு கால்களையும் மிதியிலிருந்து எடுத்து, பக்கத்துக்கு ஒன்றாக நீட்டிக்கொண்டு, வாய்க்கு வந்த பாட்டைப் பாடியபடி இறங்குவார். மாமனார் ஆகும் வயதில் ஒரு மனிதன் செய்கிற காரியமில்லை அது. ஆனால் அவருக்கு வாழ்க்கையில் வேறெதிலும் அவ்வளவு சந்தோஷம் கிடைத்ததில்லை. வெளியே சொன்னால் யாராவது கூடக் கிளம்பி வந்துவிடுவார்கள் என்று பயமாகவும் இருந்தது.

மனைவி ஒரு சீருடைக் கடையில் தையல்காரி. துணியில் ஒரு நூல் பிசகினாலும் அவள் கண் அங்கேதான் போகும்.

"ஏங்க, பேன்ட் முழுக்க ஒட்டுப்புல்லா இருக்கே. மெயின் ரோட்ல ஏது புல்லு?"

"புல்லுக்கட்டு ஏத்தின லாரி ஒண்ணு உரசிட்டுப் போச்சு" என்றார்.

அந்த லாரியோடு அவர் நின்றிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீட்டில் இரும்பு பீரோவை மாடிக்கு ஏற்ற வேண்டும் என்று பேச்சு வந்தபோது, அதே லாரிக்குக் கண், காது, மூக்கு எல்லாம் வைத்தார். பிரேக் பிடிக்கவில்லை என்றார். தான் ஓரத்துச் சாக்கடையில் விழுந்து தப்பித்ததாகவும், அப்போதிலிருந்து இடுப்பு ஒருமாதிரி இருப்பதாகவும் அள்ளிவிட்டார். பீரோவிலிருந்து தப்பித்தார். ஆனால் அவள் அன்று சரியாகச் சாப்பிடவில்லை. தட்டைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் மாடி வீட்டுக்குப் போய்விட்டு வந்தாள்.

"நாளையிலிருந்து நீங்க மாடி வீட்டு அண்ணன் கூட கார்ல போறீங்க. பேசிட்டேன். அவருக்கும் அந்தப் பக்கம்தான் ஆபீஸ்."

"எதுக்கும்மா அவருக்குத் தொந்தரவு? நான் சமாளிச்சுக்கிறேன்."

"நீங்க சமாளிச்சதெல்லாம் போதும். ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா நான் யாரைப் போய்க் கேக்கறது?" என்றாள். கண் கலங்கியிருந்தது. அவர் சைக்கிள் சாவியை எடுத்து ஆணியில் மாட்டினார்.

மாடி வீட்டுக்காரருக்குக் குடியிருப்பு முழுக்க ரேடியோ என்று பெயர். அவருடைய காரில் ரேடியோ கிடையாது, தேவைப்படவும் இல்லை. முதல் நாள் அவருக்கு எதைச் சாப்பிட்டால் வயிறு உப்புகிறது என்று தெரிந்துகொண்டார் பல்செட்காரர். இரண்டாம் நாள் உப்பாதவை. கால்வாய்ப் பாலத்தின் மேல் கார்கள் தினமும் ஒன்றன் பின் ஒன்றாக நின்றுவிடும். பாலத்திலிருந்து பார்த்தால் அவருடைய சரிவு கீழே தெரியும் என்பதால், அங்கே நிற்கும்போதெல்லாம் வேண்டுமென்றே ரேடியோவின் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வார். ஆர்வமாகக் கேட்கிறார் என்று நினைத்து ரேடியோ இன்னும் விளக்கமாகச் சொல்வார்.

சாயங்காலம் அதைவிட மோசம். முதுகு பிடித்து, காதடைத்து, செத்துப் பிழைத்து இறங்குவார். ஆனால் வாசலில் சிரித்தாக வேண்டும். மாடிப்படிக்குக் கீழே நின்று, தொங்கிக் கிடக்கும் கன்னத்தைக் கையாலேயே தூக்கி வைத்துக்கொள்வார்.

"முகமே தெளிஞ்சிருக்கு பாருங்க" என்பாள் அவள். "கார்லதானே வந்தீங்க, அந்தத் துணியைக் கொஞ்சம் மடிச்சு வெச்சிடுங்க."

சைக்கிள் சும்மாதானே நிற்கிறது என்று அடுத்த வாரம் அவள் எடுத்துக்கொண்டு போனாள். அவளுடைய கடையும் அந்தத் திசைதான், இதுவரை பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தவள். முதல் நாள் திரும்பி வந்ததும் அப்படியே நாற்காலியில் சாய்ந்து, ஐயோ முட்டி என்றாள். உண்மையிலேயே அவளுக்கு முகம் வெளிறியிருந்தது. பல்செட்காரர் பதறிப்போய் வெந்நீர் வைத்தார். மறுநாளும் முட்டி என்றாள். அந்த வாரம் போய் அடுத்த வாரம் வந்தும் முட்டி அப்படியே இருந்தது. வெந்நீரும் அவரே வைத்துக்கொண்டிருந்தார். ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது அவள் அலுத்துக்கொண்டாள்.

"ரோடா அது? ஒரு பக்கம் லாரி, ஒரு பக்கம் பஸ்ஸு. இதுல ஒரு ஆளு பின்னாடியே நடந்து வர்றாரு. பார்க்காம வந்து என் மேல இடிச்சிருப்பாரு."

"உன் பின்னாடியா வந்தாரு?"

"இல்லங்க. பின்பக்கமா நடக்கறாரு. முகம் அந்தப் பக்கம், நடை இந்தப் பக்கம்."

பல்செட்காரர் சாப்பிடுவதை நிறுத்தினார்.

"மெயின் ரோட்லயா?"

அவள் தண்ணீர் குடித்தாள். அவ்வளவு தண்ணீர் குடிக்கும் அளவுக்குச் சாப்பாட்டில் ஒன்றும் காரம் இல்லை. "மெயின் ரோட்லதான்" என்றாள். "அவங்கவங்களுக்கு என்னென்ன பிரச்சனையோ."

அன்று படுத்த பிறகு அவருக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. என் சந்து, என் கால்வாய், என் ரிவர்ஸ். இத்தனை நாள் வெந்நீர் வைத்து, துணி மடித்து, நானே பாவம் பாவம் என்று வேறு சொல்லியிருக்கிறேன். ஒரே ஒரு கேள்வி கேட்டால் கையும் களவுமாகப் பிடித்து, காலையில் சைக்கிளை வாங்கிவிடலாம். ஆனால், அந்த ஆள் எப்போதும் பூங்காவில்தான் நடப்பார் என்று உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அவள் திருப்பிக் கேட்பாளே. அதற்கு எந்த லாரியைக் கூப்பிடுவது? விடிந்ததும் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு சைக்கிளைக் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தார். ஆனால் விடிந்தபோது அவள் முந்திக்கொண்டு கிளம்பி நின்றாள். கீழே ரேடியோ ஹார்ன் அடித்தார்.

பாலத்தில் வழக்கம்போல் கார் நின்றது. ரேடியோ, தன் வயிற்றை விட்டுவிட்டுத் தன் மைத்துனரின் வயிற்றுக்கு வந்திருந்தார். பல்செட்காரரால் தாங்க முடியவில்லை.

"கொஞ்சம் காத்து வாங்கிட்டு வந்துடறேன் சார். எப்படியும் நகராது" என்று இறங்கிப் பாலத்துக் கைப்பிடிக்குப் போனார். போகும்போதே, இன்று சாயங்காலம் கேட்டே விடுவது, அவள் என்ன நினைத்துக்கொண்டாலும் சரி என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

கீழே சரிவின் உச்சியில் அவருடைய சைக்கிள் வந்தது. அவள் அக்கம்பக்கம் பார்த்தாள். யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு இரண்டு கால்களையும் மிதியிலிருந்து எடுத்து, பக்கத்துக்கு ஒன்றாக நீட்டினாள். சைக்கிள் இறங்கத் தொடங்கியது. அவள் வாயைத் திறந்து சிரித்தாள். கடைவாய்ப் பல் வரைக்கும் தெரிந்தது. இத்தனை வருடக் குடித்தனத்தில், மேல்வரிசையில் அவளுக்கு ஒரு பல் சற்றே திரும்பி முளைத்திருப்பதை அவர் பார்த்ததே இல்லை. ஊரில் இருக்கிற வாயெல்லாம் பார்த்தவர் அவர். சைக்கிளை எப்படிக் கேட்பது என்று சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் எங்கேயோ போய்விட்டன. அவளை மிகவும் பிடித்திருந்தது.

"ஏம்மா" என்று, தன்னை அறியாமல், மேலேயிருந்து கூப்பிட்டுவிட்டார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். பாலத்தின் மேல் கணவன். நீட்டியிருந்த கால்கள் சட்டென்று மிதிக்குத் திரும்பின. வாய் மூடியது, வாயோரம் தொங்கியது, கண் பாதி மூடியது. சைக்கிள் காற்றாய்ப் பறந்து இறங்கிக்கொண்டிருக்க, அவள் முன்னால் குனிந்து, ஒவ்வொரு மிதியையும் மலை ஏறுகிறவள்போல் மூச்சைப் பிடித்து அழுத்தி அழுத்தி மிதித்தபடி, ஒரு கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டே மரங்களுக்குள் போனாள்.