ஃபர்சானா அழிக்காத பொதி

'டங்!'

கம்ப்யூட்டர் அதட்டியது. புது மோடத்தை மாட்டியதும் விண்டோஸ் சிடியைப் போடச் சொல்லித் திரையில் ஒரு கட்டம் முளைத்தது.

சூலூரில் பனியன் லேபிள் நெய்யும் நரசிம்மலுவுக்கு முகம் வெளுத்தது. முதல் வெளிநாட்டு ஆர்டர். சாயங்காலத்துக்குள் அந்த மோடம் வழியாக, ஃபோன் லைனில், டிசைன் பம்பாய் ஏஜென்டுக்குப் போயாக வேண்டும். தவறினால் ஆர்டர் லூதியானாவுக்கு.

"சிடி எங்க அம்மணி?"

"இந்த டிராயர்லதானுங்க வெச்சேன்," என்றாள் டிசைன் போடும் ஃபர்சானா.

"வெச்சது காலு மொளைச்சு ஓடிப்போச்சா? ஆர்டர் கைவிட்டுப் போச்சுன்னா நாளைக்கு நீ வர வேண்டாம்!"

ஃபர்சானா டிராயரை மறுபடி கிளறினாள். பிறகு சட்டென்று நிமிர்ந்தாள்.

"போன மாசம் ஒரு ஃபோல்டரை அழிக்கச் சொன்னீங்களே?"

"ஆமா, எடத்தை அடைச்சுட்டுச் சும்மா கெடந்துச்சே!"

"அழிக்கலீங்க. சிடில இருந்ததைத்தான் அதுல காப்பி பண்ணியிருந்தேன்."

"அத்தனையும் இந்தப் பொட்டிக்குள்ள எப்படிக் கொள்ளும்?"

"ஜின்னிங் மில்லுல பஞ்சை உதிரியா விட்டா குடோன் பத்துங்களா? அமுக்கிப் பொதி கட்டுனா ஒரே லாரில போயிருதில்லீங்க? இதுவும் அப்படித்தான். ஃபோன் லைன் சமாச்சாரம் எல்லாருக்கும் வேணும்னு இல்ல. அதனால விண்டோஸ்காரங்க அதை அமுக்கிக் கட்டியே வெச்சிருக்காங்க. கேக்கறப்ப அந்தப் பொதியை மட்டும் பிரிச்சாப் போதுமுங்க."

கட்டத்தில் அந்த ஃபோல்டரின் பெயரைத் தட்டினாள். உள்ளே கரகரவென்று சத்தம். நீலப் பட்டை நகர்ந்தது, நின்றது, கடைசிவரை ஓடி நிறைந்தது. மோடம் கிறீச்சிட்டு லைனைப் பிடித்தது. டிசைன் கிளம்பியது.

சற்று நேரத்தில் ஃபோன் மணி அடித்தது. டிசைன் வந்துவிட்டதாம். ஆர்டர் இவர்களுக்குத்தானாம்!

"ஜெயிச்சுப்போட்டோம் அம்மணி!" நரசிம்மலு போட்ட கூச்சலில் தறிச் சத்தமே அமுங்கியது. கோனில் நூல் சுற்றிக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். எல்லோருக்கும் ஜிலேபி வாங்கிவர ஆள் ஓடியது.

ஜிலேபியைக் கடித்ததும் முதலாளி மிடுக்கு திரும்பியது.

"இருந்தாலும் அந்த சிடியை நீ தொலைச்சது தப்புத்தான்."

ஃபர்சானா வாய் திறப்பதற்குள், அவருடைய தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் மாசாணம் உள்ளே வந்தார். கையில் பளபளக்கும் வட்டத் தகடு, பாதியாக உடைந்து, கயிற்றோடு.

"ஏனுங்க மொதலாளி, சோளக்காட்டுல கிளி வெரட்டக் கட்டச் சொல்லிக் குடுத்தீங்களே, காத்துல உழுந்து ஒடைஞ்சுபோச்சுங்க, இன்னொண்ணு இருக்குதுங்களா?"