அத்தை குடியிருந்த கட்டடம்

1

இந்தக் கதை எனக்குள் ஊற்றெடுத்தது என்று சொல்ல ஆசைதான். ஆனால் இது அத்தை கேட்டு எழுதியது. அவருடைய பண்ணை வீட்டின் மேல் புதுச் சாலை வரப்போகிறது. வீடு நூறு வயதைத் தாண்டியது என்று ஆய்வாளர் ஒப்புக்கொண்டால் இடிக்க மாட்டார்கள். விண்ணப்பத்துக்கு வீட்டின் வரலாறு ஒரு பக்கம் வேண்டும்.

"தலகாணி தலகாணியா மொழிபெயர்ப்பு நாவல் படிக்கிறியே, ஒரு பக்கம் எழுத மாட்டியா?"

2

"மூடுபனி விலகியபோது அந்த மாளிகை—"

(மூடுபனி கிடையாது. மாளிகையும் கிடையாது.)

"கற்சுவர்கள் மூச்சுவிட்டன—"

(சுவர் மூச்சுவிட்டால் கொத்தனாரைக் கூப்பிட வேண்டும்.)

சரி, உள்ளதை எழுதுகிறேன். சாலையோரம் ஒரே நீளக் கூடம், உயரத்தில் குட்டிச் சன்னல்கள். அங்கே அத்தை. பின்னால் ஒரு பழைய கட்டடம். அங்கே நான்கு மாடுகள்.

3

ஆய்வாளரை நான் படைத்திருந்தால் இன்னும் நம்பும்படி படைத்திருப்பேன். மனிதர் பையிலிருந்து ஒரு கோலிக்குண்டை எடுத்துக் கூடத்தில் வைத்தார். அது உருண்டு சுவரோரக் கால்வாயில் விழுந்தது.

"தரை ஏம்மா சரியுது?"

"கழுவிவிட வசதி சார்."

"சுவத்துல இந்த இரும்பு வளையம்?"

"துணிக்கொடி கட்ட."

"முழங்கால் உயரத்துலயா?"

பின்கட்டடத்துக்குப் போனார். செதுக்கிய உத்தரம், புகைபோக்கி, ஆறு பெரிய சன்னல்கள். ஒன்றில் மாடு நின்று வேடிக்கை பார்த்தது.

"இதாம்மா வீடு. நூத்தி முப்பது வயசு. நீங்க இருக்கறது மாட்டுக் கொட்டகை. அறுபதுகூட ஆகல."

ஒரு மழையில் வீடு ஒழுக, புதிதாகக் கட்டிய கொட்டகைக்குக் குடும்பம் மாறியிருக்கிறது, மாடுகள் வீட்டுக்கு. கூரையைச் சரிசெய்த பிறகும் திரும்ப மாற எல்லோருக்கும் சோம்பல்.

அத்தை மெதுவாகச் சொன்னார்: "அப்பா சாகறவரைக்கும் 'மழை நிக்கட்டும்'னு சொல்லிட்டே இருந்தார். எதுக்குன்னு நான் கேட்டதே இல்ல."

4

கொட்டகையை இடிப்பது உறுதி. நூறு வயது தாண்டியிருந்தாலும், மனிதர் குடியிருந்தால் மட்டுமே பின்கட்டடம் தப்பும் என்றார் ஆய்வாளர். அங்கே யார் குடியிருக்கிறார்கள் என்று இன்று ஐந்து மணிக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும்.

"மாட்டுக் கொட்டகையில போய்ப் படுக்கச் சொல்றியாடா?"

"இத்தனை வருஷமா அதுலதான் அத்தை படுத்தீங்க."

(முறைத்தார். இந்த வரியை வெட்டச் சொன்னார். வெட்டவில்லை.)

முடிவு அ: அத்தை உள்ளே போகிறார், மாடுகள் வெளியே வருகின்றன.

முடிவு ஆ: வீம்பு வெல்கிறது, இரண்டு கட்டடமும் போகின்றன.

முடிவு இ: மாடுகளோடு அத்தை சமரசமாக—

மணி நாலே முக்கால். அத்தை பாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரண்டு கட்டடங்களுக்கும் நடுவில் நிற்கிறார். படிவத்தில் 'குடியிருப்பவர்' என்ற கட்டம் காலியாக இருக்கிறது. நான் எழுதினால் திட்டுவார். நீங்கள் எழுதுங்கள், உங்களை அவருக்குத் தெரியாது.