மேசையில் கிடந்த பாஸ்கள்

சுமித்திராவோடு மூன்று வருடம் ஒரே அறையில் இருந்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன்: அவளைப் போல ஒரு பிடிவாதக்காரியை நான் கண்டதில்லை. அவளைப் பாராட்ட வாயெடுத்தால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். கோபம் அடங்கிய பிறகு பார்த்தால் பாராட்டத்தான் மனம் வரும்.

இரண்டாயிரமாம் ஆண்டு. வவுனியாவில் ஒரு வளாகத்தில் நாங்கள் கணினிப் பட்டப்படிப்புப் படித்துக்கொண்டிருந்தோம். பிள்ளைகள் நிறைய, கணினிகள் குறைவு, மின்சாரம் நினைத்தால்தான் வரும். ஆகவே ஆய்வுகூடத்தில் முறை பிடிப்பதற்கு எங்களுக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. வாசலடியில் ஒரு நீட்டு மேசை. வருகிறவர் தன் பாஸை அதில் வைத்துவிட்டு வேப்பமரத்தடிக்குப் போய்விடுவார். அடுத்தவர் தன்னுடையதை அதற்குப் பக்கத்தில் வைப்பார். அந்த நாட்களில் வவுனியாவில் தங்குவதற்கும் தெருவில் நடப்பதற்கும் பாஸ் என்ற அனுமதி அட்டை வேண்டும். அது இல்லாமல் வளாகக் கேற்றைத் தாண்டினால் முதல் இராணுவச் சென்றியிலேயே மறித்துவிடுவார்கள். எனவே பாஸை வைத்தவர் எங்கேயும் ஓடிவிட மாட்டார். பாஸ் கொடுக்கும் கந்தோர் வரிசையில் செருப்பையும் கல்லையும் வைத்து இடம் பிடித்துப் பழகிய எங்களுக்கு இது பெரிய கண்டுபிடிப்பாகவே படவில்லை.

கணினி வலையமைப்புப் படிப்பித்த பரமேஸ்வரன் சேரும், ஆய்வுகூடத்தில் வேலை இருந்தால், தன் பாஸை அந்த மேசையில் வைத்துவிட்டுத்தான் காத்திருப்பார். யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்த மனிதர். விரிவுரையாளர் என்று சொல்லி வரிசையை உடைத்ததே இல்லை.

சுமித்திராவின் தகப்பன் ஆண்டியப்பன், எழுபத்தேழு கலவரத்தோடு தேயிலைத் தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்து, விசுவமடுவில் காடு வெட்டிக் கச்சான் கடலை போட்டவர். அவள் படித்தது முழுக்கக் குப்பி விளக்கில். வளாகத்துக்கு வந்த பிறகுதான் கணினியைக் கண்ணால் கண்டாள். ஆனால் நாங்கள் கணினிக்கு முன்னால் உட்கார்ந்து யோசிப்போம். அவள் யோசித்து முடித்துவிட்டுத்தான் உட்காருவாள். தாளில் நிரலை எழுதி, வரி வரியாக விரல் வைத்து ஓட்டிப் பார்த்துவிட்டு வருவாள். அவள் தட்டினால் அநேகமாக ஒரே தட்டில் ஓடும். எனக்குப் பொறாமையாக இருந்தது, மறைக்க மாட்டேன்.

அவளுக்கு நான்காம் வருடச் சிறப்புப் பட்டம் வேண்டும். ஆனால் புள்ளிவிபரவியலில் முப்பத்தெட்டு எடுத்திருந்தாள். சித்தியடைய நாற்பது வேண்டும். தாய் சுப்பம்மாவுக்குக் காய்ச்சல் என்று ஊருக்குப் போனவள், திரும்பி வரும்போது இராணுவக் கடவை பூட்டியிருந்ததால் பரீட்சை மண்டபத்துக்குப் பாதி நேரம் போன பிறகுதான் வந்து சேர்ந்தாள். மறுபரீட்சைக்கு அவளை விடுவதா இல்லையா என்பது துறைத்தலைவர் வீரகத்தி சேரின் கையில் இருந்தது. விடாவிட்டால் படிப்பும் முடிந்தது, மாணவி என்ற பாஸும் முடிந்தது. மின்சாரமே இல்லாத ஊருக்கு, கணினி படித்த தலையோடு போய் இருக்க வேண்டியதுதான்.

இந்த நிலையில்தான் ஒரு பின்னேரம், அறைக்குத் திரும்பும் வழியில், சைக்கிளை உருட்டிக்கொண்டே கேட்டாள்.

"கிருசாந்தி, உன்ர பாஸ்வேட் உன்ர பாஸ் நம்பர்தானே?"

நான் நின்றுவிட்டேன். "உனக்கு ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. என்ரயும் அதுதான். எங்களுக்கு நித்திரையிலயும் மறக்காத நம்பர் வேற என்ன இருக்கு? எல்லாரும் அதைத்தான் வைச்சிருப்பினம். வைச்சுப்போட்டு, அதையே மேசையில நிமித்திப் போட்டிட்டுப் போறம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நின்றது. அந்த மேசையில் எங்கள் எல்லாருடைய பூட்டுக்கும் திறப்பு வரிசையாகக் கிடந்திருக்கிறது! அறைக்குப் போனதும் என்னிடம் கேட்டாள், உன் கணக்கைத் தட்டிப் பார்க்கலாமா என்று. சரி என்றேன். மறுநாள் என் கண் முன்னாலேயே திறந்து காட்டினாள். உடனே மூடினாள்.

"பரமேஸ்வரன் சேரின்ர பாஸும் மேசையில கிடக்கிறது" என்றாள் மெதுவாக. "பரீட்சைப் புள்ளி எல்லாம் அவற்ர கணக்குக்குள்ளதான் இருக்கு, அதைப் புள்ளி பதிய மட்டும்தான் திறப்பார். நான் சேரிட்டைச் சொல்லப்போறன்."

"உனக்கென்ன விசரா?" என்று கத்தினேன். "ரெண்டு புள்ளி காணாமல் நிக்கிறாய். விசுவமடுப் பெட்டை புள்ளி இருக்கிற இடத்துக்கு வழி கண்டுபிடிச்சிட்டாள் எண்டு ஒரு கதை வெளியில போனா, மறுபரீட்சையை விடு, பொலிஸ் வந்து நிக்கும். வாயை மூடிக்கொண்டு இரு."

"கதவு திறந்து கிடக்கெண்டு தெரிஞ்சும் பேசாமல் போனா, நாளைக்கு ஆரும் உள்ள போகேக்க அதில எனக்கும் பங்கு இருக்கு."

அன்றிரவு நான் அவளோடு பேசவில்லை. அவள் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை.

அடுத்த நாளே போய்ச் சொன்னாள். பரமேஸ்வரன் சேர் நல்லவர், ஆனால் சுவர்களுக்குக் காது இருக்கிற கட்டடம் அது. மத்தியானத்துக்குள் கதை மாறிவிட்டது: சுமித்திரா சேரின் கணக்குக்குள் புகுந்துவிட்டாளாம். வீரகத்தி சேர் விசாரணை என்று அறிவித்தார். எனக்கும் அழைப்பு வந்தது, என் கணக்கைத் தட்ட விட்டவள் நான் என்பதால். இருவரும் போனோம். அவள் இரட்டைப் பின்னலை இழுத்துக் கட்டிக்கொண்டு, பரீட்சைக்குப் போகிறவளைப் போல முன்னால் நடந்தாள்.

வீரகத்தி சேருக்குக் கணினி என்றாலே பிடிக்காது. கணிதத்தைக் கரும்பலகையில் செய்ய வேண்டும் என்கிற ஆள். கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

"பிள்ளை, திறக்காத கதவு திறந்து கிடக்கெண்டு உமக்கு எப்பிடித் தெரியும்?"

"நான் திறந்து பாக்கேல்லை சேர். என்ர கணக்கையும் கிருசாந்தின்ர கணக்கையும்தான் பாத்தனான். அவவிட்டைக் கேட்டிட்டுத்தான் பாத்தனான்."

"ஓம் சேர், நான்தான் சரியெண்டு சொன்னனான்" என்றேன்.

"பரமேஸ்வரன்ர கணக்கை நீர் தொடேல்லை எண்டதுக்கு என்ன அத்தாட்சி?"

தொடாததற்கு யாரால் அத்தாட்சி காட்ட முடியும்?

பரமேஸ்வரன் சேர் எழுந்தார். சட்டைப் பையிலிருந்து தன் பாஸை எடுத்து மேசையில் நிமிர்த்தி வைத்தார்.

"சேர், நானும் இந்தப் பிள்ளையளைப் போலத்தான். நானும் என்ர பாஸ் நம்பரைத்தான் வைச்சிருக்கிறன். பிழை என்ரை. இன்னும் மாத்தேல்லை, உங்களுக்கு முன்னால திறக்கவெண்டு வைச்சிருக்கிறன். எழும்பி வாங்கோ."

எல்லோரும் ஆய்வுகூடத்துக்குப் போனோம். சேர் தன் பெயரைத் தட்டினார். பாஸைப் பார்த்து எண்ணைத் தட்டினார். திரை திறந்தது. கடைசியாக இந்தக் கணக்கு எப்போது, எந்தக் கணினியிலிருந்து திறக்கப்பட்டது என்று முதல் வரியிலேயே காட்டியது. புள்ளிகளைப் பதிந்த அன்று, அவருடைய அறையிலிருந்து. அதற்குப் பிறகு ஒருவரும் வரவில்லை.

பிறகு புள்ளிகளைத் திறந்து, சுமித்திராவின் பெயரில் விரலை வைத்தார். முப்பத்தெட்டு.

"சேர், இவவுக்குத் தேவைப்பட்டது ரெண்டு புள்ளி. வழி தெரியும். ஆரும் காணமாட்டினம் எண்டும் தெரியும். இஞ்ச பாருங்கோ, முப்பத்தெட்டு முப்பத்தெட்டாவே கிடக்கு. கணினியைக் காக்கிறதுக்கு ஆளைப் படிப்பிக்க வேணும் எண்டு நான் உங்களிட்டை எத்தினை தரம் கேட்டிருப்பன்? நான் ஒண்டும் படிப்பிக்க முந்தியே அதில பெரிய பங்கை இந்தப் பிள்ளை படிச்சிட்டுது."

வீரகத்தி சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மறுபரீட்சைக்குப் பேரைப் போடுங்கோ" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

அன்றைக்கே எல்லோரும் கடவுச்சொல்லை மாற்றினோம். பாஸ்களை மேசையில் கவிழ்த்து வைக்கும் புது வழக்கமும் வந்தது. நான்காம் வருடத்தில் கணினிப் பாதுகாப்பு என்று ஒரு பாடம் சேர்க்கப்பட்டது. அதற்கு முதலில் கையெழுத்து வைத்தவர் வீரகத்தி சேர்தான் என்று பிறகு அறிந்தோம்.

மறுபரீட்சை முடிந்து புள்ளி பதிகிற நாள் வந்தது. பரமேஸ்வரன் சேருக்கு வலது கையில் கட்டு, சைக்கிளால் விழுந்துவிட்டார். இடது கையால் புதுக் கடவுச்சொல்லைத் தட்டித் திறந்துவிட்டு, யாரைக் கொண்டு பதிவது என்று யோசித்தார். விடைத்தாள்களோடு வந்த வீரகத்தி சேர் முடிவு அறிய வாசலில் நின்ற எங்கள் இருவரையும் கண்டார்.

"அந்தப் பிள்ளை புள்ளியை அடிக்கட்டும்" என்று சுமித்திராவைக் காட்டினார்.

"சேர், அவவின்ர புள்ளியும் இதுக்குள்ள இருக்கு" என்றார் பரமேஸ்வரன் சேர்.

"தெரியும். அதுதான் சொல்லுறன்."

சுமித்திரா கதிரையில் உட்கார்ந்தாள். வீரகத்தி சேர் வாசிக்க வாசிக்க அவள் பதிந்துகொண்டே போனாள். தன் பெயர் வந்தது. எழுபத்தொன்று என்று அவர் வாசித்தார். எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போல இருந்தது. அவளோ இரண்டு கையையும் விசைப்பலகையிலிருந்து எடுத்துவிட்டு எழுந்து நின்றாள்.

"இதை மட்டும் நீங்கள் அடியுங்கோ சேர்."

வாழ்நாளில் விசைப்பலகையைத் தொட்டிராத வீரகத்தி சேர் அந்தக் கதிரையில் உட்கார்ந்தார். ஏழு எங்கே இருக்கிறது என்று தேடினார். சுமித்திரா காட்டவில்லை, திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு யன்னலடியில் நின்றாள். நான்தான் போய்க் காட்டினேன். அவர் ஒற்றை விரலால் ஏழை அமத்தினார், பிறகு ஒன்றை அமத்தினார். சரியாக விழுந்திருக்கிறதா என்று இரண்டு தரம் பார்த்தார்.

"பிள்ளை, இனி இஞ்சால திரும்பலாம்" என்றார்.