அம்மாவுக்கு ஓர் அண்ணன்

அம்மாவின் எழுபதாவது பிறந்தநாளுக்கு என் தம்பி காளிராஜ் அவளுக்கு ஓர் அண்ணனைச் செய்து கொடுத்தான். நான் பிளாஸ்க் வாங்கியிருந்தேன்.

நல்ல பிளாஸ்க். காலையில் ஊற்றினால் சாயந்திரம் வரை சூடு நிற்கும். ஆனால் ஓர் அண்ணனுக்கு முன்னால் பிளாஸ்க் எடுபடாது. வண்ணக் காகிதம் சுற்றி நடுவீட்டில் நிறுத்தியிருந்த மாமா, தானே ரிப்பனை அவிழ்த்துக்கொண்டு வெளியே வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கையில் கடலைமிட்டாய்ப் பொட்டலம். கழுத்தில் தொங்கிய அட்டையில் சங்கரலிங்கம் என்று பெயர் அச்சடித்திருந்தது.

“சீனி, நல்லாருக்கியா?” என்றார்.

அம்மாவின் பெயர் சீனியம்மாள். அதுவரை யாரும் அவளைச் சீனி என்று கூப்பிட்டதில்லை. “அண்ணே” என்று அவர் தோளில் சாய்ந்து அழுதாள். நான் பிளாஸ்க்கை அலமாரியில் வைத்தேன்.

அம்மா ஒற்றைப் பிள்ளை. கூடப் பிறந்தவன் இல்லாத குறை அவளுக்கு உண்டு. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். எனக்குக் குத்திய அன்று மடி இல்லை. கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவரைப் பிடித்து உட்கார வைத்தார்கள். அவரும் மறுக்கவில்லை. இன்றுவரை ரீடிங் எடுக்க வந்தால் என் தலையைத் தடவிவிட்டுத்தான் மீட்டரைப் பார்ப்பார்.

மாமா வந்ததும் பழசெல்லாம் மாறியது. சுவரிலிருந்த குடும்பப் போட்டோவில் எல்லோரும் நகர்ந்து அவருக்கு இடம் விட்டார்கள். ஓரத்தில் நின்ற நான் சட்டத்துக்கு வெளியே போய்விட்டேன். ஒரு கை மட்டும் தெரிந்தது. கரண்ட்காரர் மடியில் குத்திய துளைகள் இனிமேல் செல்லாது என்று ஆயிற்று. என் காதுகள் மூடிக்கொண்டன. தோடுகள் தரையில் விழுந்து உருண்டன. யாரும் குனிந்து பார்க்கவில்லை. நானும் வீம்புக்கு எடுக்கவில்லை. அம்மா அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள்.

மாமா இடது கையால் சாப்பிட்டார்.

சின்ன வயதில் நானும் இடது கைக்காரிதான். அம்மா கரண்டிக் காம்பால் விரல் முட்டியில் தட்டித் தட்டி மாற்றினாள். இப்போது கன்னத்தில் கை வைத்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கண்ணன் எந்தக் கையால் சாப்பிட்டாலும் அழகுதான் என்றாள். அவர் சாம்பார் சோற்றின் மேலேயே மோரை ஊற்றினார். அது என் வழக்கம். மூக்கால் சிரித்தார். அதுவும் எங்கேயோ கேட்ட சிரிப்பு.

எனக்கு வயிறு எரிந்தது. இதில் ஒளிக்க என்ன இருக்கிறது? பிறந்து ஒரு வேளைகூட ஆகாத கிழவர் மேல் எனக்குப் பொறாமை.

அம்மா எங்களோடு உட்காரவில்லை. அவள் எப்போதும் கடைசியில்தான் சாப்பிடுவாள். தீப்பெட்டி ஆபீசில் வேலை முடிந்து நான் எவ்வளவு தாமதமாக வந்தாலும் அதுவரை சாப்பிடாமல் இருப்பாள். பசி மெதுவாக வரும் உடம்பு என்று நினைத்துக்கொள்வேன்.

எங்கே செய்தாய் என்று காளிராஜிடம் கேட்டேன். பஸ் ஸ்டாண்டு மாடியில், கப்பில் போட்டோ அச்சடித்துத் தருகிற கடையில் என்றான். அம்மாக்களுக்குக் குடும்ப வரலாறும் போட்டுத் தருகிறார்களாம். சாப்பிட்ட கையோடு கிளம்பினேன். யாரிடமும் சொல்லவில்லை.

அந்தக் கடையின் படிக்கட்டு உறவைப் பொறுத்து நீளும். மகன்களுக்குப் பத்துப் படிதான். நான் ஏறிக்கொண்டே இருந்தேன். நடுவில் ஒரு டீக்கடை இருந்தது. அங்கே இரண்டு மூன்று மகள்கள் உட்கார்ந்து கால் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார்கள்.

கடைக்காரர் ஒரு தலையணை உறைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். உறையில் யாருடைய அம்மாவோ சிரித்தாள்.

“மகளா?” என்றார்.

“எப்படித் தெரியும்?”

“மூச்சு வாங்குதே.”

தம்பி செய்த அண்ணனைப் பற்றிச் சொன்னேன். இடது கை அண்ணனா, நல்ல உருப்படி என்றார். அந்த இடது கை யாருடையது என்று கேட்டேன்.

“ஒங்களோடதுதான். வீட்டுல யாரும் புழங்காத சாமானாக் கொண்டாங்கன்னு சொல்லுவோம். ஒங்க தம்பி கட்டைப் பையில கொண்டாந்தாரு. எடது கைப் பழக்கம், மூக்கால சிரிக்கிற சிரிப்பு, ஒரு பாட்டு. எல்லாம் பரண்ல கெடந்துச்சாம்.”

நான் பாடுவேன் என்பதே எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. என் சரக்கை வைத்தே என்னை ஓரங்கட்டியிருக்கிறான். அண்ணனைவிடப் பெரிதாக ஒன்று செய்து கொடுங்கள் என்றேன்.

அவர் யோசித்தார். தங்கச்சிதான் என்றார். அண்ணன் சீர் கொண்டுவருவார், போய்விடுவார். தங்கச்சி பக்கத்தில் படுத்துக் கதை பேசுவாள், சீலையை மாற்றிக் கட்டிக்கொள்வாள்.

“சாமான் கொண்டாந்திருக்கீங்களா?”

கையை விரித்தேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“மிச்சம் இருக்கிறத வச்சே செஞ்சிரலாம். ஆனா மக மிஞ்ச மாட்டா.”

“அவள யாரும் தேடப் போறதில்ல” என்றேன்.

விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது என்று சுவரில் எழுதியிருந்தது. என்னைத் தலையணை உறைக்குப் பக்கத்தில் படுக்கவைத்து இஸ்திரி போட்டார். சுட்டது. வலிக்கவில்லை. எழுந்தபோது முழங்கால் வலித்தது. எனக்கு அறுபத்தாறு வயதாகியிருந்தது. ரிப்பனைக் கட்டிக்கொண்டு இறங்கினேன். இறங்கும்போது பத்துப் படிகூட இல்லை.

கதவைத் திறந்த அம்மா என் முகத்தைப் பார்த்தாள். அம்மா என்று கூப்பிட வாயைத் திறந்தேன். “அக்கா” என்று வந்தது.

அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். தலைவாரிக் கனகாம்பரம் வைத்துவிட்டாள். மெத்தென்ற பழஞ்சீலை ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். மாமா சோபாவில் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டார். அவருக்கும் நான்தான் கடைக்குட்டி. போட்டோவில் நடுவில் வந்து நின்றேன். வெகுநாளைக்குப் பிறகு என் வயிறு குளிர்ந்தது. காளிராஜ் என்னைச் சித்தி என்று கூப்பிட்டான். அவன் முகம் வாடியிருந்தது. அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

அம்மாவின் முந்தானை ஓரத்தில் ஒரு முடிச்சு இருந்தது. அதில் என்ன என்று கேட்டேன். அவிழ்த்துக் காட்டினாள். என் தோடுகள்.

“எம் மக தோடு. கோவத்துல எடுக்காமப் போயிட்டா.”

“எனக்குத் தாயேன்க்கா.”

“வேற என்ன வேணும்னாலும் கேளு. இது அவளுக்கு.”

மறுபடியும் முடிச்சைப் போட்டாள். பல்லால் கடித்து இறுக்கினாள்.

அடுப்படியில் ஒரு தட்டு மூடி வைத்திருந்தது. அதை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய் உட்கார்ந்தாள். நானும் பின்னால் போனேன். மணி என்ன ஆகிறது, நீ சாப்பிடு என்றேன்.

“அவ வராம நான் என்னைக்குச் சாப்ட்டேன்?”

எனக்கு மறுபடியும் வயிறு எரிய ஆரம்பித்தது. அப்படி என்ன பெரிய மகள் என்று கேட்டேன். வீட்டில் அண்ணன் இருக்கிறார், நான் இருக்கிறேன். ஒரு பிளாஸ்க் வாங்கிக் கொடுத்தவளுக்காக வயிற்றைக் காயப் போட வேண்டுமா?

“எடது கைக்காரி அவ. நான்தான் அடிச்சு மாத்துனேன்” என்றாள் அம்மா. “அண்ணன் சாப்பிடுறதப் பாக்கைல அவ ஞாபகந்தான் வந்துச்சு.”

தெருவைப் பார்த்தேன். அந்த மகளை எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. வந்துவிடக் கூடாதே என்று இருந்தது.

கரண்ட்காரர் வந்தார். என் தலையைத் தடவவில்லை. என்னைத் தாண்டி வீட்டுக்குள் எட்டிப் பார்த்து, காது குத்திய மருமகள் எங்கே என்று கேட்டார். இப்போது வந்துவிடுவாள் என்றாள் அம்மா. அவரும் படியில் உட்கார்ந்தார். தோளிலிருந்த பையை மடியில் வைத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, எடுத்துக் கீழே வைத்துவிட்டு மடியைக் காலியாக வைத்துக்கொண்டார்.

எனக்குப் பசித்தது. தட்டின் மூடியை நகர்த்திப் பார்த்தேன். சாம்பார் சோற்றின் மேலேயே மோர் ஊற்றியிருந்தது.

“கைய எடு” என்றாள் அம்மா.