அடக்கப் பதிவேட்டில் ஒரு வரி

ஐரின் கேட்டது ஒரே ஒரு தாள். கணவன் இனிகோ இறந்து அடக்கமானதற்குத் திண்டுக்கல் பங்குக் கோயிலின் பதிவேட்டிலிருந்து ஒரு நகல், சாமியாரின் கையெழுத்தும் முத்திரையும் வைத்து. அரசாங்கத்தின் இறப்புச் சான்றிதழ் அவளிடம் ஏற்கெனவே இருந்தது. ஆனால் அவளுடைய மறுமணத்துக்குத் தூத்துக்குடிக் கோயிலில் ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசிக்க வேண்டுமென்றால் கோயில் தாளும் வேண்டும் என்று அங்குள்ள சாமியார் சொல்லிவிட்டார். தவக்காலம் தொடங்கிவிட்டால் கல்யாணம் வைக்க முடியாது. தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசித்து முடிக்க வேண்டும். வருகிற ஞாயிறு தவறினால் ஈஸ்டர் வரைக்கும் தள்ளிப்போகும்.

தபாலில் அனுப்பினால் போதும் என்றுதான் அவள் போனில் மாமனார் அந்தோணிமுத்துவிடம் சொன்னாள். மாமியார் புஷ்பமேரி போனைக் கையில் வாங்கி, நேரிலேயே கொண்டு வருகிறோம், பேத்தியைப் பார்த்து எட்டு மாதமாகிறது என்றாள். மகன் இறந்து ஒரு மாதம் கழித்துப் பிறந்த பேத்தி. நாலரை வயது. தமிழ்நிலா என்று பெயர்.

அந்தோணிமுத்து அன்று மாலையே கோயில் அலுவலகத்துக்குப் போனார். பங்குச்சாமியார் இருதயநாதன் புதிதாக வந்தவர். 2021இன் பதிவேட்டை எடுத்து மே மாதத்தை விரல் வைத்துத் தேடினார். இனிகோவின் பெயர் இல்லை. கொரோனா இரண்டாம் அலையில் அப்போதிருந்த சாமியாரும் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் கிடந்தார். கல்லறைத் தோட்டத்துக்கு வந்து செபம் சொன்னவர் சாமியாருக்கு உதவியாக இருந்த உபதேசியார். பதிவேட்டில் எழுதுவதற்குள் அவரும் அடுத்த மாதமே போய்விட்டார். அடக்கத்தைப் பார்த்தவர்களில் மிச்சம் இருப்பது அந்தோணிமுத்து ஒருவர்தான்.

இப்போது பதிவு செய்துகொள்ளலாம், ஆனால் கண்ணால் கண்ட சாட்சி எழுதித் தர வேண்டும் என்றார் சாமியார். வெள்ளைத் தாளையும் பேனாவையும் நீட்டினார்.

"பாத்தத மட்டும் எழுதுங்க. பாக்காதது எதுவும் வேணாம்."

அந்தோணிமுத்து அரசுப் பேருந்தில் முப்பத்தொரு வருடம் ஓட்டுநராக இருந்தவர். எந்த ஊரில் எத்தனை நிமிடம் தாமதம் என்பதைக்கூட ஒரு நாளும் மாற்றி எழுதியதில்லை. அதே கையால் அன்றும் எழுதினார். மதுரையிலிருந்து ஆம்புலன்சில் உடல் வந்தது, கவச உடை போட்ட இரண்டு பேர் இறக்கினார்கள், தான் இருபதடி தள்ளி நின்றது, குழியை மூடும்வரை நின்றது. கடைசியாக ஒரு வரி: 'உடல் உறையில் மூடியிருந்தது. பெயர்ச்சீட்டைக் காட்டினார்கள், பார்த்தேன். முகத்தைப் பார்க்கவில்லை.'

சாமியார் அந்த வாக்குமூலத்தின் நகலையும் பதிவேட்டு நகலோடு சேர்த்துப் பின் அடித்தார். இத்தனை வருடம் கழித்துப் பதிந்ததற்கு ஆதாரம் எது என்று தூத்துக்குடியில் கேட்பார்கள் அல்லவா? அந்தோணிமுத்து அந்தப் பின்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முகத்தைப் பார்த்ததாகத்தான் வீட்டில் சொல்லியிருந்தார்.

மகன் இறந்தபோது புஷ்பமேரியும் மதுரையில் அதே ஆஸ்பத்திரியில், இரண்டு மாடி மேலே, ஆக்சிஜனோடு கிடந்தாள். அவளிடம் யாரும் சொல்லவில்லை. பதினோரு நாள் கழித்து வெளியே வந்து, இனிகோ எந்த வார்டு என்று கேட்டபோதுதான் அவர் சொன்னார். அவள் அழவில்லை. முகத்தைப் பார்த்தீங்களா என்று மட்டும் கேட்டாள். பார்த்தேன், தூங்குகிற மாதிரி இருந்தான் என்றார். வாய் மூடியிருந்ததா? மூடியிருந்தது. சவரம் செய்திருந்தார்களா? இல்லை, லேசாகத் தாடி. அப்புறம் ஒருநாள் அவள் கேட்காமலே, நெற்றியில் சிலுவை போட்டுவிட்டேன் என்றும் சொல்லிவைத்தார். அதற்குப் பிறகுதான் அவள் இரவில் கொஞ்சம் தூங்கத் தொடங்கினாள். அடக்கத்துக்கு வர முடியாமல் தூத்துக்குடியில் நிறைமாதத்தில் இருந்த ஐரினுக்கும் அவளே போனில் இதையெல்லாம் வரிசையாகச் சொன்னாள்.

சனிக்கிழமை விடியற்காலை ஐந்தரைக்கு இனிகோவின் ஆல்டோ காரில் கிளம்பினார்கள். நீல நிற வண்டி. ஞாயிறுதோறும் பூசை முடிந்து கல்லறைத் தோட்டத்துக்குப் போய்வருவதற்கு மட்டுமே அவர் அதை எடுப்பார். பின்சீட்டில் ஒரு சீப்பு சிறுமலைப்பழம், பேத்திக்குக் கவுன், ஐரினுக்குச் சின்னாளபட்டி சுங்குடிச் சேலை. சாமியார் தாள்களைப் போட்டு ஒட்டித் தந்த உறையை அவர் டேஷ்போர்டுக்குள் வைக்கப்போனார். புஷ்பமேரி வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"எம்பிள்ள பேரு இருக்கிற தாளு. அது எங்கிட்டயே இருக்கட்டும்."

காந்திகிராமம் தாண்டும்போது, உள்ளே என்ன எழுதியிருக்கிறார்கள் என்று கேட்டாள். செத்ததுக்கு அத்தாட்சி, வேறென்ன எழுதுவார்கள் என்றார். அவள் உறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கனமாக இருக்கிறதே, ஒரு தாள் என்றுதானே சொன்னீர்கள் என்றாள். அவர் லாரியை முந்துவதில் கவனமாக இருப்பதுபோல் இருந்துகொண்டார்.

தூத்துக்குடிக்குப் போனதும் உறையைத் தானே வாங்கி ஐரினிடம் தனியாகக் கொடுத்துவிட வேண்டும், அத்தை எதிரில் பிரிக்காதே என்று ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். அவருடைய திட்டம் அவ்வளவுதான். அதற்குத் தேவை ஐந்து நிமிடம்.

மதுரைக்குள் நுழையாமல் சுற்றுச்சாலையில் போனார்கள். அந்த வருடத்துக்குப் பிறகு இருவரும் மதுரைக்குள் போனதில்லை. காரியாபட்டி பக்கம் வெயில் ஏறியது. நிறுத்தங்களில் ஆள் நிற்பதைக் கண்டால் அவர் கால் தானாக பிரேக்குக்குப் போனது.

"ஏறச் சொல்லுங்க, ரெண்டு டிக்கெட்டு நிக்குது" என்றாள் புஷ்பமேரி. "சில்லற நான் குடுக்குறேன்."

அருப்புக்கோட்டையில், ஓட்டுநர்கள் சாப்பிடும் பழைய கடையில் இட்லி சாப்பிட்டார்கள். கை கழுவப் போகும்போதும் அவள் உறையை இடுக்கிக்கொண்டே போனாள். எட்டயபுரம் தாண்டியதும் பேத்தியிடம் என்னவெல்லாம் பேச வேண்டும் என்று சொல்லிக்கொண்டு வந்தாள். போனில் அப்பத்தா என்று கூப்பிடப் பழக்கியிருந்தாள். இனிமேல் எத்தனை தடவை பார்க்க முடியுமோ, புது வீட்டுக்காரர்கள் எப்படியோ என்றாள். உப்பளங்கள் வெள்ளையாகத் தெரியத் தொடங்கியதும் பேச்சை நிறுத்தித் தலையைச் சரிசெய்துகொண்டாள்.

ஐரினின் வீடு துறைமுகத்துக்குப் போகும் சாலையில் ஒரு சந்தில் இருந்தது. வாசலிலேயே நின்றிருந்தாள். மாமா, அத்தை என்று இருவர் கையையும் பிடித்துக்கொண்டாள். கொஞ்சம் மெலிந்திருந்தாள். அவளுடைய அம்மா மீன் வாங்கப் போயிருந்தார். தமிழ்நிலா கதவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "திண்டுக்கல் ஆச்சி" என்றாள். புஷ்பமேரி அதைத் திருத்தவில்லை.

ஐரினைத் தனியாகக் கூப்பிட அந்தோணிமுத்து வாய் திறக்கும்போது குழந்தை அவர் விரலைப் பிடித்து வண்டியைக் காட்டச் சொல்லி இழுத்தது. போனார். ஹாரனை அழுத்தவிட்டார். இது யாருடைய காரு என்று கேட்டது.

"உங்க அப்பா காரு."

"எங்க அப்பா காரு வெள்ள" என்றது குழந்தை.

மறுபடியும் ஒருமுறை ஹாரனை அழுத்தவிட்டு, தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். பிந்திவிட்டது. புஷ்பமேரி உறையைக் கொடுத்திருந்தாள். முத்திரை சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்க ஐரின் அதைப் பிரித்துவிட்டாள். முதல் தாளைப் பார்த்தாள். இரண்டாவது தாளை நின்றபடியே வாசித்தாள். வாசித்து முடித்து, பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"மாமா, நீங்க முகத்தப் பாக்கலயா?"

புஷ்பமேரி குழந்தைக்காக வாழைப்பழத்தை உரித்துக்கொண்டிருந்தாள். கை பாதியில் நின்றது. அவள் புருஷனைப் பார்த்தாள். அவர் குழந்தையைக் கீழே இறக்கிவிட்டார். அவள் புரிந்துகொள்ள அவ்வளவு நேரம் போதுமானதாக இருந்தது.

"அத்தை நீங்கதான சொன்னீங்க, மாமா பாத்தாங்க, தூங்குற மாதிரி இருந்தாங்கன்னு" என்றாள் ஐரின். குரலை உயர்த்தவில்லை. "அப்ப அது அவங்கதானான்னு யாருக்குமே தெரியாதா? நான் எதை வச்சு நாளைக்கு ஓலை வாசிக்கச் சொல்ல?"

வெளியே யாரோ மீன் விற்றுக்கொண்டு போனார்கள். புஷ்பமேரி பழத்தை முழுவதும் உரித்துக் குழந்தையின் கையில் கொடுத்தாள். தோலைத் தட்டில் வைத்தாள்.

"அவரு பாக்கல. நான் பாத்தேன்."

ஐரின் நிமிர்ந்தாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு நர்சுப் பிள்ளை இருந்தது என்று புஷ்பமேரி சொன்னாள். மேல் மாடியிலிருந்து நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போய், மூடுவதற்கு முன்னால் காட்டியது. யாரிடமாவது சொன்னால் தன் வேலை போய்விடும் என்றதால் சொல்லவில்லை. தூங்குகிற மாதிரிதான் இருந்தான். வாய் மூடியிருந்தது. லேசாகத் தாடி. சொல்லச் சொல்ல அவள் குரல் நிதானமாகிக்கொண்டே போனது. அந்தோணிமுத்து ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு நின்றார். எல்லாம் அவர் சொன்னவை. கடைசியில் ஒன்றை மட்டும் அவளே சேர்த்தாள்.

"எடது காதுக்குக் கீழ அந்த மச்சம். அதத் தொட்டுப் பாத்தேன். அவன்தான் தாயி."

"பதினோரு நாளும் தெரிஞ்சுக்கிட்டா இருந்தீங்க?"

"இருந்தேன். இவரு வந்து பாத்தேன் பாத்தேன்னு அளந்துக்கிட்டு இருக்கும்போது நான் என்னத்தச் சொல்ல? ஆம்பள, அவரு மனசு ஆறட்டும்னு விட்டுட்டேன்."

ஐரின் நம்பினாளா என்று சொல்வதற்கில்லை. கொஞ்ச நேரம் மாமியாரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தாள்களை மடித்து உறைக்குள் வைத்து, அலமாரியில் பைபிளுக்குப் பக்கத்தில் சொருகினாள். திரும்பி வந்து புஷ்பமேரியின் மடியில் தலையை வைத்து அழுதாள். புஷ்பமேரி அவள் முதுகைத் தடவிக்கொண்டே, பையிலிருந்து சுங்குடிச் சேலையை எடுத்துக் கொடுத்தாள். கல்யாணத்தன்று கட்ட வேண்டாம், மறுநாள் கட்டிக்கொள் என்றாள்.

குழந்தை கேட்டதால் வெயிலிலேயே கடற்கரைக்குப் போனார்கள். சனிக்கிழமை என்றாலும் அந்த நேரத்தில் கூட்டமில்லை. தமிழ்நிலா புஷ்பமேரியின் கையைப் பிடித்துக்கொண்டு கணுக்கால் தண்ணீரில் நின்றாள். ஒவ்வொரு அலைக்கும் ஆச்சி ஆச்சி என்று கத்தினாள். புஷ்பமேரி அவளோடு சேர்ந்து குதித்தாள், சிரிக்கவும் செய்தாள். அந்தோணிமுத்து செருப்புகளைக் காத்துக்கொண்டு மணலில் நின்றார். ஒருமுறைகூட அவள் அவர் பக்கம் திரும்பவில்லை. மத்தியானம் மீன் குழம்பு. அப்போதும் அவருக்கு என்ன வேண்டும் என்று அவள் ஐரின் வழியாகத்தான் கேட்டாள்.

இரண்டு மணிக்குக் கிளம்பினார்கள். அவர் முன்கதவைத் திறந்து வைத்தார். அவள் பின்கதவைத் திறந்து ஏறிக்கொண்டாள்.

எட்டயபுரம் தாண்டிக் கரிசல் காடு விரிந்தது. இரண்டு பக்கமும் மக்காச்சோளம். அங்கேதான் பின்னாலிருந்து குரல் வந்தது.

"நெத்தியில சிலுவை போட்டேன்னீங்களே."

அவர் சாலையைப் பார்த்தபடி ஓட்டினார்.

"அந்தச் சிலுவைய நெனச்சுக்கிட்டுத்தான் தெனம் படுப்பேன்."

"நீ கேட்ட" என்றார். "அந்நேரம் வேற என்ன சொல்றதுன்னு தெரியல."

"எனக்கும் இன்னிக்கு அப்படித்தான் வாயில வந்துச்சு" என்றாள். அதில் கோபம் இல்லை. சமாதானமும் இல்லை. வேறு யாரையோ பற்றிச் சொல்வதுபோல் இருந்தது.

பந்தல்குடிக்கு முன்னால் மறுபடி பேசினாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். உள்ளதச் சொல்லுங்க. அது அவன்தானா?"

அவர் வண்டியை ஓரம் கட்டினார். நிறுத்தம் இல்லாத இடம். எஞ்சினை அணைத்துவிட்டு, ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு பேசினார். பெயர் இனிகோ என்று ஒட்டியிருந்தது. வயதும் சரியாகப் போட்டிருந்தார்கள். ஆள் உயரமும் அவன் உயரம்தான் இருக்கும்.

"பேர நான் கேக்கல."

கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. அவர் அதைப் பார்த்தே சொன்னார்.

"தெரியல மேரி."

ஒரு பேருந்து ஹாரன் அடித்துக்கொண்டு கடந்தது. வண்டி லேசாக ஆடி நின்றது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். எவ்வளவு நேரம் அப்படி நின்றார்கள் என்று அவர் கணக்கு வைக்கவில்லை.

"சரி. எடுங்க வண்டிய" என்றாள்.

அருப்புக்கோட்டையில் டீ குடிக்கலாமா என்று கேட்க நினைத்தவர் கேட்காமலே தாண்டினார். சுற்றுச்சாலை, சமயநல்லூர், வாடிப்பட்டி. பொழுது சாயும்போது கொடைரோடு வந்தது. சாலையோரம் பூக்கடைகளில் விளக்குப் போட்டிருந்தார்கள்.

"நிப்பாட்டுங்க, பூ வாங்கணும்" என்றாள் பின்னாலிருந்து. "நாளைக்கு ஞாயித்துக்கெழம."

அவர் நிறுத்தினார். திரும்பி அவளைப் பார்த்தார்.

"அங்கதான போகணும்" என்றாள். "வேற எங்க போறது?"

இறங்கிப்போய் மல்லிகையைப் பேரம் பேசினாள். கல்லறைக்கு எப்போதும் வாங்குவது நான்கு முழம். அன்றும் நான்கு முழம்தான் வாங்கினாள்.