தொட்டுட்டாளாம்

தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, நீச்சல் உடைக்கு மேலேயே சுடிதாரை மாட்டிக்கொண்டு, உடை மாற்றும் அறையின் பெஞ்சில் உட்கார்ந்து அவள் அக்காவுக்குப் போன் போட்டாள். துவட்டிக்கொள்ளக்கூடப் பொறுமை இல்லை. நாற்பத்தாறு வயதில், ஏழு மாதப் போராட்டத்துக்குப் பிறகு, நடுவில் எங்கும் காலை ஊன்றாமல், பக்கத்துக் கயிற்றைப் பிடிக்காமல், இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் நீந்தியிருந்தாள். இருபத்தைந்து மீட்டர். அதற்குள் பக்கத்துத் தடத்தில் எட்டு வயதுப் பெண் ஒன்று நான்கு தடவை போய் வந்துவிட்டது. வந்துவிட்டுப் போகட்டும்.

“அக்கா, ஒரு விஷயம்...”

“இரு இரு, முதல்ல என்னோடது. நாற்காலி வந்திருச்சுடி!”

அக்கா ஒரு பெரிய ஹோட்டலின் சலவைப் பிரிவில் மேற்பார்வையாளர். விரிப்பும் துண்டும் மடிக்கிற பெண்கள் எட்டு மணி நேரமும் நின்றுகொண்டேதான் வேலை செய்தார்கள். அவர்களுக்கு உட்கார ஏதாவது வாங்கிக் கொடுங்கள் என்று இரண்டு வருடமாக மேலே எழுதிக்கொண்டிருந்தாள். எழுதுகிற ஒவ்வொரு கடிதத்தையும் தங்கையிடம் படித்துக் காட்டுவாள்.

“ஆறு நாற்காலி. சக்கரம் வெச்சது. இப்ப அதுல உக்காந்துட்டுதான் பேசுறேன், மகாராணி மாதிரி.”

பின்னால் உலர்த்தும் எந்திரங்களின் இரைச்சலும் பெண்களின் சிரிப்பும் கேட்டன. தினமும் மதிய இடைவேளையில் நடக்கும் பேச்சு இது. தலைபோகிற விஷயம் எதுவும் இருக்காது. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் இவள், நான்கு கடை ஏறி இறங்கி எதுவும் பிடிக்காமல் வந்த ஒருவருக்குச் சரியான பிரேமை முதல் தடவையிலேயே எடுத்துக் கொடுத்திருப்பாள். அக்கா ஒரு வெள்ளை விரிப்பிலிருந்து மைக் கறையை எடுத்திருப்பாள். வேறு யாரிடம் சொன்னாலும் இதெல்லாம் ஒரு சங்கதியா என்பார்கள்.

“சரி, உன்னோடது சொல்லு.”

“நீந்திட்டேன். முழுசா. அந்தப் பக்கச் சுவரைத் தொட்டுட்டேன்!”

அக்கா ‘ஆ’வென்று கத்தினாள். இவளால் நிறுத்த முடியவில்லை. பாதி வழியில் மூக்கில் தண்ணீர் ஏறியதையும், அவ்வளவுதான் என்று நினைத்ததையும், சொல்லிக்கொடுக்கும் மாஸ்டர் கரையோரமாகவே கூட நடந்து வந்ததையும், விரல் நுனியில் வழவழவென்று ஓடு தட்டுப்பட்டதையும் மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போனாள். மாஸ்டர் கைகுலுக்கிய இடத்துக்கு வந்தபோதுதான் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு ‘ம்’கூட வரவில்லை என்பது உறைத்தது.

“அக்கா? கேக்குறியா?”

எந்திர இரைச்சல் கேட்டது. யாரோ தூரத்தில் கத்துவதுபோல இருந்தது. இணைப்பு அறுந்தது. திரும்ப அடித்தாள், எடுக்கவில்லை. அவளுக்குச் சுருக்கென்றது. நாற்காலிக் கதையைத் தான் எவ்வளவு பொறுமையாகக் கேட்டோம். ஒரு செய்தி தட்டி அனுப்பினாள்: ‘உன் கதைய மட்டும் சொல்லிட்டு வெச்சிட்ட. போ.’

பத்து நிமிடம் கழித்து அக்காவின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. “இப்பதான் ஞாபகம் வந்துச்சா மகாராணிக்கு?” என்றாள்.

பேசியது வேறு ஒரு பெண். அழுதுகொண்டே ஒரு ஆஸ்பத்திரியின் பெயரை மட்டும் மூன்று தடவை சொன்னாள்.

மருத்துவர் இளம்பெண்ணாக இருந்தாள். சொல்வதற்கு முன் கழுத்திலிருந்த ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றிக் கையில் சுற்றிக்கொண்டாள்.

“கொண்டு வரும்போதே உயிர் இல்லைங்க. மாரடைப்புதான். ரொம்ப சீக்கிரமா நடந்திருக்கு. கஷ்டப்பட்டிருக்க மாட்டாங்க.”

“எத்தனை மணிக்கு?”

“அது கரெக்டா சொல்ல முடியாது.”

அவள் தன் போனை எடுத்துப் பார்த்தாள். பேசிய நேரம் ஆறு நிமிடம் நாற்பது வினாடி என்று இருந்தது. நாற்காலிக்கு இரண்டு நிமிடம் போயிருக்கும். மிச்சத்தில் எத்தனை வினாடி அக்காவிடம் பேசினாள், எத்தனை வினாடி யாருமில்லாத இடத்தில் பேசினாள்? மூக்கில் தண்ணீர் ஏறியதைச் சொன்னபோது அக்கா இருந்தாளா? ஓடு தட்டுப்பட்டபோது?

திரைக்குப் பின்னால் அக்கா படுத்திருந்தாள். மேற்பார்வையாளருக்கான சாம்பல் நிறக் கோட்டின் கையில் வெள்ளைத் துண்டின் பஞ்சு ஒன்று ஒட்டியிருந்தது. அதை எடுத்துவிட்டாள். எடுத்ததை எங்கே போடுவது என்று தெரியாமல் உள்ளங்கையிலேயே மூடிக்கொண்டாள். அழுகை வரவில்லை. அழ வேண்டிய நேரம் இது என்பது தெரிந்தது, அவ்வளவுதான்.

மாமா குடிநீர் ஏற்றும் நிலையத்திலிருந்து நீல யூனிபாரத்தோடு அப்படியே வந்தார். அக்காவின் கணவர். முழங்கை வரை கிரீஸ் கறுப்பு. வீட்டில் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். பிள்ளை இல்லாத அந்த வீட்டில் பேச்சு முழுவதும் அக்காவுடையதுதான்.

“எங்க இருக்கா? எந்த வார்டு?”

“வார்டு இல்ல, மாமா.”

அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். “சரி” என்றார். பிறகு நடைவழியின் ஓரத்தில் இருந்த குழாயடிக்குப் போய்க் கை கழுவ ஆரம்பித்தார். சோப்பைப் போட்டு, ஒவ்வொரு விரலாக, நகக்கண் விடாமல் தேய்த்தார். பின்னால் இரண்டு பேர் காத்திருந்தார்கள். அவர் திரும்பவே இல்லை. கழுவி முடித்த ஈரக் கையோடு போய்த் திரைக்குப் பின்னால் நின்றுவிட்டு, ஒரு நிமிடத்தில் வெளியே வந்தார்.

கையெழுத்துப் போடும் இடத்தில் மட்டும் அவருக்குக் குரல் வந்தது. “வயசு ஐம்பத்திரெண்டு இல்லீங்க. ஐம்பத்தி ஒண்ணு. அடுத்த மாசம்தான் ரெண்டு முடியுது. மாத்தி எழுதுங்க.”

எழுத்தர் மாற்றி எழுதினார். உடலை மறுநாள் காலையில்தான் கொடுப்பார்களாம். அக்காவின் கைப்பையையும் செருப்பையும் போனையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்தார்கள். மாமா அதை மடியில் வைத்துக்கொண்டு நடைவழியிலிருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். உறைக்குள் போன் ஒளிர்ந்தது. அவர் குனிந்து, திரையில் கிடந்த அவளுடைய செய்தியைப் படித்தார்.

“இது என்ன? ரெண்டு பேருக்கும் சண்டையா?”

“ஐயோ, இல்ல மாமா.”

“‘போ’ன்னு எழுதியிருக்க.”

அங்கே அக்கா செத்துக்கொண்டிருந்தபோது நான் நீச்சலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன் என்று எப்படிச் சொல்வது?

“நெஞ்சு வலிக்குதுன்னு ஏதாவது சொன்னாளா?”

“இல்ல. நாற்காலி வந்திருச்சுன்னு சொன்னா.”

“எந்த நாற்காலி?”

அவள் அவரைப் பார்த்தாள். இரண்டு வருடக் கடிதங்களில் ஒன்றுகூட இவர் காதுக்குப் போகவில்லை. “வேலையில உக்கார நாற்காலி கேட்டுட்டு இருந்தா, மாமா, இன்னைக்குக் கிடைச்சிருச்சு” என்றாள். அவர் தலையை ஆட்டினார். உறையின் வாயை மடித்தார், பிரித்தார், திரும்ப மடித்தார்.

நான்கு மணி வாக்கில் சலவைப் பிரிவிலிருந்து ஒரு பெண் வந்தாள். பருத்த உடம்பு, இஸ்திரி எந்திரத்தின் சூட்டில் சிவந்துபோன கைகள். மதியம் போனில் அழுதது இவள்தான் என்பது குரலில் தெரிந்தது. நேராக இவளிடம் வந்து முதுகைத் தொட்டவள் திடுக்கிட்டாள்.

“என்னம்மா இது, இவ்ளோ ஈரமா இருக்கீங்க?”

அப்போதுதான் இவளுக்கே தெரிந்தது. உள்ளே போட்டிருந்த நீச்சல் உடை இன்னும் காயாமல் சுடிதார் முதுகை நனைத்துக்கொண்டிருந்தது.

“அப்ப நீங்கதான் நீச்சல் தங்கச்சி” என்றாள் அந்தப் பெண். “போன வாரம் பதினஞ்சு மீட்டர்ல நின்னுட்டீங்களாமே. எங்க எல்லாருக்கும் தெரியும். மத்தியானம் போன் பேசி முடிச்சதும் வந்து சொல்லிடுவாங்க. கடைக்கு வந்த அந்தக் கண்ணாடிக்காரரு கதைகூடத் தெரியும். நாங்க பந்தயமே கட்டியிருந்தோம், இந்த மாசம் முடிப்பீங்களா மாட்டீங்களான்னு.”

இவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். வெகு நேரமாக வாய்க்குள்ளேயே இருந்த கேள்வி தானாக வெளியே வந்தது.

“நான் சொன்னது அக்கா காதுல விழுந்துச்சா?”

“விழாம? போனைக் காதுலேர்ந்து எடுத்துட்டு, நாற்காலியோட ஒரு சுத்து சுத்தி எங்க பக்கம் திரும்புனாங்க. ‘தொட்டுட்டாளாம்!’னு கத்துனாங்க. நாங்க எல்லாரும் கை தட்டுனோம். தட்டிட்டு இருக்கும்போதே அப்படியே சாஞ்சாங்க. சிரிச்சு சாயுறாங்கன்னுதாம்மா நெனச்சோம். கொஞ்ச நேரம் நாங்க கை தட்டிட்டேதான் இருந்தோம்.”

அந்தப் பெண் இவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். மூடியிருந்த உள்ளங்கை அவள் பிடியில் திறந்தது. பஞ்சு எங்கே விழுந்தது என்று தெரியவில்லை. நடைவழியில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்க, இவள் வாய்விட்டு அழுதாள்.

அந்தப் பெண் வேலைக்குத் திரும்ப வேண்டும் என்று கிளம்பிப் போனாள். இவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து பெஞ்சில் மாமாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். வீட்டுக்குப் போகலாம் என்று இருவருமே சொல்லவில்லை. போனால் கதவைத் திறக்க வேண்டும்.

“காலையில மூணாவது பம்பை சரி பண்ணிட்டேன்” என்றார் மாமா.

அவள் திரும்பினாள். அவர் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நாலு மாசமா ஒழுகிட்டு இருந்துச்சு. வெளியேர்ந்து ஆளு வந்தாதான் முடியும்னு எழுதிக் குடுத்துட்டாங்க. பதினோரு மணிக்கு நான் ஒழுகறதை நிறுத்திட்டேன். ஒரு சொட்டு வரல.” உறையை மடியில் நேராக வைத்தார். “தெனம் சாயங்காலம் கேப்பா, இன்னைக்கு என்ன விசேஷம்னு. ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டுக் குளிக்கப் போயிடுவேன். இன்னைக்குச் சொல்லலாம்னு இருந்தேன்.”

அவள் பெஞ்சில் அவர் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தாள்.

“என்ன ஆயிருந்துச்சு மாமா, அந்தப் பம்புக்கு?”

“ஒண்ணுமில்ல. உள்ள ஒரு ரப்பர் வளையம். தேஞ்சு போயிருந்துச்சு.”

“எவ்ளோ பெருசு இருக்கும்?”

அவர் வலது கையைத் தூக்கி, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளைத்து அளவு பார்த்தார். கொஞ்சம் பெரிதாகிவிட்டது போலிருக்கிறது. விரல்களை இன்னும் நெருக்கினார். “இவ்ளோதான்” என்றார்.

அவள் குனிந்து பார்த்தாள். அவள் பார்த்து முடித்த பிறகும் அவர் கையை இறக்கவில்லை.